ஒருவரே ஒரு மேடை

வீட்டிலே சிறுவன் ஒருவன் அயல்வீட்டுப் பெரியவரைப் போல இருமிக் காட்டினால், கூடியிருப்போர் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். "இன்னொருக்கால் செய்து காட்டு, தம்பி" என்று மாமியும் சித்தியும் கேட்கிறார்கள். அதே சிறுவன் இருபதாவது வயதில், "நான் நடிகனாகப் போகிறேன்" என்று சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. "சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் கலையின் பகைவர் அல்லர். சென்ற வாரந்தான் நாடகம் ஒன்றைப் பார்த்துக் கண்ணீர் விட்டவராகவும் அவர் இருக்கலாம். ஆயினும் அடுப்பு எரிய வேண்டும் அன்றோ?

இந்தக் கேள்விக்குக் கொழும்புத் தமிழ் நடிகர்கள் தத்தம் வாழ்க்கையாலேயே விடை கூறினார்கள். அவர்களுள் ஒருவரான கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களின் கலை வாழ்வை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். மேடை, வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய நான்கிலும் நடித்தவர் அவர். அவரைப் பற்றிப் பேசுமுன், வேறொரு மொழியின் மேடையைச் சிறிது பார்த்துவருவது நல்லது. ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி நம் வீட்டின் நீள அகலம் நமக்குத் தெரிவதில்லை.

மராட்டிய மேடையின் துணிவு

மராட்டிய மொழியில் டாக்டர் ஸ்ரீராம் லாகூ என்றொரு நடிகர் இருந்தார். 1927இல் பிறந்த அவர் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்குச் சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியர். புனே நகரிலும் ஆபிரிக்காவிலும் தொழில் செய்தவர். நாற்பது வயதைத் தாண்டியபின், 1969இல், நல்ல வருவாய் தந்த அத்தொழிலை விட்டுவிட்டு முழுநேர நடிகரானார். அடுத்த ஆண்டு, குசுமாக்ரஜ் என்ற புனைபெயர் கொண்ட வி. வா. சிர்வாட்கர் எழுதிய ‘நடசாம்ராட்’ நாடகத்திலே முதிய நடிகர் ஒருவரின் வேடம் பூண்டு பெரும்புகழ் பெற்றார். பின்னர் மராட்டியப் படங்களிலும் இந்திப் படங்களிலும் நடித்தார். ‘காந்தி’ என்ற ஆங்கிலப் படத்தில் கோகலேயாகத் தோன்றியவரும் அவரே. 2019இல் அவர் மறைந்தபோது, நடிகர் என்றே உலகம் அவரை நினைவுகூர்ந்தது. வைத்தியர் என்பது அடுத்த வரியாகிவிட்டது.

வைத்தியத் தொழிலை விட்டு மேடைக்கு வரும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய நெஞ்சிலிருந்து மட்டும் வரவில்லை. அவர் பின்னால் ஒரு நீண்ட வழக்கம் நின்றது. 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே மராட்டிய நாடகத்தைத் தொடக்கி வைத்த காலத்திற்குப் பின், ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்று நாடகமாடும் குழுக்கள் அங்கே பெருகின. பெண் வேடத்தில் பேர்பெற்ற பால கந்தர்வர் 1913இல் தமக்கெனவே ஒரு குழுவை அமைத்தார். அவர் பெயரால் புனே நகரிலே 1968இல் அரங்கம் ஒன்று எழுந்தது. பம்பாய்த் தாதர்ப் பகுதியிலே சிவாஜி மந்திர் என்னும் அரங்கு உண்டு. காசு கொடுத்து நாடகம் பார்ப்பது அங்கே குடும்பங்களின் வழக்கமாயிற்று. அந்த வழக்கமே நடிகருக்குச் சோறிட்டது.

காசு வாங்காத கௌரவம்

நம்மவர் நிலை வேறு. தமிழகத்திலும் இலங்கையிலும் கூலிக்கு நாடகமாடிய குழுக்கள் இருந்தன என்பது உண்மை. கொழும்பு ஜிந்துப்பிட்டிக் கொட்டகையிலே இந்தியக் குழுக்கள் ஆடிய நாடகங்களைக் கொட்டாஞ்சேனைவாசிகள் விடிய விடியப் பார்த்த காலமும் உண்டு. ஆனால் அக்குழுக்களில் ஆடியோரை ஊரார் மதிக்கவில்லை. நாடகம் பார்க்கலாம், நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்கலாகாது என்பதே அந்நாளைய நீதி.

இந்த இழிவைத் துடைக்க முன்வந்தவர் சென்னையில் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கிய பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய சுகுண விலாச சபையிலே படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் மேடையேறினார்கள். ஊதியம் பெறாமல், கலைக்காகவே ஆடுவது அவர்கள் கொள்கை. அச்சபையின் வழியை இலங்கையிற் பின்பற்றியவர் கலையரசு க. சொர்ணலிங்கம். 1889இல் பிறந்து 1982 வரை வாழ்ந்த அவர் நம் நாட்டிலே மேடைக்கு மதிப்புத் தேடித்தந்தார். ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற அவருடைய நூல் அந்த முயற்சியின் வரலாறு.

இப்பெரியோர்கள் செய்த நன்மை அளவிடற்கரியது. எனினும் அந்நன்மையோடு ஒரு விலங்கும் வந்து சேர்ந்தது. காசு வாங்காமல் ஆடுவதே கௌரவம் என்று ஆனபின், காசு கேட்கும் நடிகர் கௌரவக் குறைவானவர் ஆகிவிட்டார். நாடகத்துக்கு ‘பாஸ்’ கேட்பது உரிமையாயிற்று. சீட்டு வாங்குவது தருமமாயிற்று. கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டட நிதிக்கும் நாடகம் போடுவோம். வசூலாகும் பணம் கட்டடத்துக்குப் போகும். நடிகருக்குத் தேநீரும் பொன்னாடையும் கிடைக்கும்.

ஆகவே கொழும்பு நடிகர் பகலிலே உத்தியோகத்தர், மாலையிலே நடிகர். இளமைப் பருவத்தில் வெள்ளவத்தைச் சமறிகளிலே நாலைந்து பேர் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, காரியாலயம் முடிந்தபின் ஒத்திகைக்கு ஓடிய யாழ்ப்பாணத்து இளைஞர் எத்தனையோ பேர். வாரக் கடைசியில் யாழ்தேவியில் ஊர் போய், திங்கட்கிழமை மீண்டும் கோப்புகளுக்கு முன் அமர்ந்தவர்கள் அவர்கள். மண்டப வாடகைக்குத் தம் சம்பளத்திலிருந்தே பங்கு போட்டார்கள். 1953இல் திறக்கப்பெற்ற லயனல் வெண்ட் அரங்கிலே ஓர் இரவு நாடகம் போடுவதற்குப் பல மாதச் சேமிப்பு வேண்டியிருந்தது.

வரித் திணைக்களமும் வானொலிக் கலையகமும்

கே. எஸ். பாலச்சந்திரன் 1944ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி வடமராட்சியைச் சேர்ந்த கரவெட்டியிலே பிறந்தவர். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். வரி கணக்கிடும் கை, வேளை வந்தபோது வானொலிப் பிரதியை ஏந்தியது.

வானொலியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இலங்கை வானொலி 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. திரைச்சீலையும் ஒப்பனையும் மண்டப வாடகையும் வேண்டாத மேடை அது. வெள்ளவத்தை மாடிவீட்டிலும், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒற்றை அறையிலும், மலையகத்து லயத்திலும், வடமராட்சித் திண்ணையிலும் ஒரே நேரத்தில் கேட்ட மேடையும் அதுவே. தமிழ் நடிகருக்கு இந்நாட்டில் கிடைத்த மிகப் பெரிய அரங்கம் வானொலி என்று சொன்னால் அது மிகையன்று.

அந்த அரங்கத்திலே மொழியும் மாறியது. நம் மேடையில் அரசனும் ஆண்டியும் ஒரே செந்தமிழில் பேசிய காலம் ஒன்றுண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ என்ற தொகுப்பிலே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார். வானொலியிலே ‘சானா’ என்று அழைக்கப்பட்ட சண்முகநாதன் தயாரித்த நாடகங்களில் அப்பேச்சு வீடு வீடாகச் சென்றது. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ தொடரிலே, பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கா. சிவத்தம்பி விதானையாராக நடித்தார். நம் ஆச்சி பேசுவது போலவே வானொலியும் பேசுகிறதே என்று மக்கள் வியந்தனர்.

இந்த வழியில் வந்தவரே பாலச்சந்திரன். 1970களிலே சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ தொடர் நாடகத்திலே அவர் நடித்தார். அந்நாடகம் ஒலிபரப்பாகும் நேரத்திலே பல வீடுகளில் சமையலறை அலுவல்கள் தாமதமாயின என்பதை மூத்த வாசகியர் இன்றும் சொல்வார்கள். பின்னர் அவர் தாமே எழுதத் தொடங்கினார். ‘கிராமத்துக் கனவுகள்’, ‘வாத்தியார் வீட்டில்’ என்ற வானொலித் தொடர்கள் அவர் பேனாவிலிருந்து பிறந்தவை. நடிகருக்கு நல்ல பிரதி கிடைக்காதபோது தாமே எழுதிக்கொள்வது நம் நாட்டு நடிகர்களின் இன்னொரு தலைவிதி. பாலச்சந்திரனைப் பொறுத்தவரை அது நல்விதியாயிற்று.

பஸ் இல்லாத பஸ் பிரயாணம்

ஆயினும் பாலச்சந்திரன் என்றவுடன் ஈழத்தமிழர் உள்ளத்தில் எழுவது ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பே. பஸ்ஸின் நடத்துனர் சாரதியைப் பார்த்து, ‘இனிப் போகலாம்’ என்று கொடுக்கும் குரல் அது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நாளெல்லாம் ஒலித்த அச்சொல்லையே அவர் தலைப்பாக்கினார்.

மேடையிலே பஸ் இல்லை. ஆசனம் இல்லை, பிரயாணிகள் இல்லை. ஒரே ஒருவர் நிற்கிறார். ஆனால் சிறிது நேரத்தில் நெரிசல் மிகுந்த பஸ் ஒன்று நம் கண்முன் ஓடத் தொடங்குகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? தனிநடிப்பின் நுட்பத்தைச் சற்றே கவனிப்போம்.

முதலாவது, பார்வை. எதிரே நிற்பவர் உயரமானவரா, குள்ளமானவரா, குழந்தையை ஏந்தியவரா என்பதை நடிகரின் கண் தாழ்வதும் உயர்வதுமே சொல்லிவிடும். இரண்டாவது, இடைவெளி. நடிகர் கேள்வி கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துகிறார். அந்தக் கணத்திலே பிரயாணி சொன்ன மறுமொழியை நாமே நம் மனத்தில் எழுதிக்கொள்கிறோம். அடுத்து நடிகர் சொல்லும் சொல், நாம் எழுதியதோடு பொருந்தும்போது சிரிப்பு வெடிக்கிறது. மூன்றாவது, உடல். வண்டி குலுங்கும்போது தோள் குலுங்கவேண்டும். வளைவிலே திரும்பும்போது இடுப்புச் சாயவேண்டும். ஒரு கணம் மறந்தாலும் பஸ் மறைந்து வெறும் மேடை தெரிந்துவிடும். பத்துப் பேர் நடிக்கும் நாடகத்தில் ஒருவர் சோர்ந்தால் ஒன்பது பேர் தாங்குவார்கள். தனிநடிப்பில் தாங்குவதற்கு ஆளில்லை.

இந்தக் கலை நம்மிடையே இவ்வளவு செழித்ததற்கு ஒரு காரணமுண்டு என்று நாம் கருதுகிறோம். கூலியில்லா மேடையிலே பத்து நடிகர்களைப் பல மாதம் ஒத்திகைக்குக் கூட்டுவது பெரும்பாடு. ஒருவருக்கு இடமாற்றம் வரும், ஒருவருக்கு மேலதிக வேலை, ஒருவருக்குத் திருமணம். தனியொருவருக்கு இத்தொல்லை இல்லை. மண்டபம் இல்லாவிடினும் கோயில் வீதி போதும். வாடகைக்குக் காட்சித் திரை எடுக்கவேண்டியதில்லை. வறுமையும் தனிமையும் நம் நடிகர்மேல் சுமத்திய குறையையே பாலச்சந்திரன் ஒரு கலைவடிவமாகச் செய்து காட்டினார். ‘அண்ணை றைற்’ ஒலிநாடாவாகவும் பரவி, மேடையைக் கண்டிராத ஊர்களிலும் ஓடியது.

நகைச்சுவை என்பதற்காக அதைச் சிறிதென எண்ணலாகாது. நடத்துனரைப் பார்த்துச் சிரித்த மக்கள், பஸ்ஸிலே தாங்களும் இருப்பதைக் கண்டுதான் சிரித்தார்கள். தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கக் கற்பிப்பது கலைஞர் ஒருவர் தம் சமூகத்துக்குச் செய்யும் தொண்டு.

நால்வரின் நான்கு தமிழ்

அதே காலத்தில் கொழும்பிலே வேறொரு நகைச்சுவை அணியும் புகழ் பெற்றது. எஸ். ராமதாஸின் ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற வானொலி நாடகத்தை அறியாதார் அக்காலத்தில் இலர். ராமதாஸ் மரிக்கார் என்ற முஸ்லிம் அன்பராகப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தவர். எஸ். செல்வசேகரன் தமிழ் பேசும் சிங்களவரான உபாலி. பி. எச். அப்துல் ஹமீத் ஐயர். இந்து முஸ்லிமாகவும், முஸ்லிம் ஐயராகவும், தமிழர் சிங்களவராகவும் பேசி, கேட்போர் அனைவரையும் ஒருங்கே சிரிக்கவைத்த நாட்கள் அவை. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலே அன்றாடம் கேட்கும் நான்கு தமிழும் அந்த நால்வரிடம் இருந்தன.

திரைப்படம் நடிகரை வாழவைக்கும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ 1978இல் வெளிவந்தது. பாலச்சந்திரனும் அதில் நடித்தார். 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’, 1993இல் ‘சர்மிளாவின் இதய ராகம்’ ஆகிய படங்களிலும் அவருக்குப் பங்குண்டு. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் தொலைக்காட்சி நாடகங்களிலும் தோன்றினார். ஆனால் தமிழகத்துப் படங்களோடு போட்டியிட்டு நிலைக்கும் வலிமை இலங்கைத் தமிழ்ப் படத்துக்கு வரவில்லை. நம்மவர்களே சவோய்த் தியேட்டரிலே தமிழகத்து நட்சத்திரங்களின் படங்களுக்கு வரிசையில் நின்றார்கள். நம் படம் வந்தபோது, ‘நல்லதென்று நாலு பேர் சொல்லட்டும்’ என்று காத்திருந்தார்கள். அந்த நாலு பேரும் அவ்வாறே காத்திருந்தார்கள்.

சிதறிய அரங்கம்

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரியூட்டப்பட்டது. அங்கிருந்த பல திரைப்படங்களின் மூலப் படச்சுருள்கள் சாம்பலாயின. ஒரு நடிகரின் முகமும் இளமையும் அதிற் பதிந்திருந்தால், அவையும் அத்தோடு போயின. நடிகர்கள் சிதறினார்கள். ராமதாஸ் தமிழகம் சென்று வாழ்ந்து, 2016இல் சென்னையிலே காலமானார்.

பாலச்சந்திரன் பின்னர் கனடா சென்றார். புதிய நாட்டிலே கடுங்குளிரும் புதிய தொழிலும் முன்நிற்க, நடிப்பை மூட்டை கட்டி வைத்தோர் பலர். இவர் வைக்கவில்லை. அங்கும் மேடையேறினார், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார். லெனின் எம். சிவம் இயக்கி 2009இல் வெளிவந்த ‘1999’ என்ற படத்திலே, ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகளின் கதையில் முதியவராக நடித்தார். அதே ஆண்டில் ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்ற அவருடைய நாவலும் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி ரொறன்ரோவில் அவர் காலமானார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பத்துப் பேர் கொண்ட நாடகக் குழுவைப் பெயர்த்துக்கொண்டு கடல் கடக்க முடியாது. மண்டபத்தைக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒருவர் தம் உடலிலும் குரலிலும் வைத்திருக்கும் மேடையை எந்தச் சுங்க அதிகாரியாலும் தடுக்க முடியாது. கரவெட்டியின் பேச்சும் யாழ்ப்பாணத்து பஸ்ஸின் குலுக்கமும் அந்த ஒருவரோடு ரொறன்ரோ சென்றன. ஊரை விட்டுப் போனவர்கள் அவர் முன்னிலையிலே மீண்டும் சிறிது நேரம் ஊர் பஸ்ஸில் ஏறிப் பிரயாணம் செய்தார்கள்.

நாம் செய்யக்கூடியது

இனி, தொடக்கத்திலே எழுந்த கேள்விக்கு வருவோம். ‘சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?’ என்று கேட்கும் தாயைக் குறைகூற நாம் விரும்பவில்லை. பாலச்சந்திரனும் உத்தியோகத்தை வைத்துக்கொண்டே கலையை வளர்த்தார். மகன் ஒரு தொழிலைக் கற்கட்டும். அத்தோடு நடிக்கவும் செய்யட்டும். ஆனால் அந்தக் கேள்வியின் மற்றொரு பாதி நம்மை நோக்கியது என்பதையும் மறக்கலாகாது. நடிகருக்குச் சோறிடுவது சீட்டு வாங்கும் கை. புனே நகரத்துக் குடும்பங்கள் நீட்டிய அந்தக் கையை நாம் நீட்டத் தயங்கினோம். ஆகவே நம்மிடையே ஒரு லாகூ தம் தொழிலைத் துறந்து மேடைக்கு வர இயலவில்லை.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்திலே விவேகானந்த சபை இருக்கிறது. பாடசாலைகளிலே ஆண்டுதோறும் மாணவர் நாடகம் போடுகிறார்கள். அடுத்த முறை அறிவித்தல் கண்ணிற் பட்டால், ‘பாஸ்’ கிடைக்குமா என்று விசாரியாமல் குடும்பத்தோடு சீட்டு வாங்கிச் செல்வோம். நாடகம் சுமாராக இருந்தாலும் நட்டமில்லை. சுமாரான பத்து நாடகங்களைப் போட்டுப் பழகியவரே பதினோராவதை நன்றாகப் போடுவார்.

மற்றொன்றும் உண்டு. பழைய வானொலி நாடகங்களின் ஒலிநாடாக்கள் பல வீடுகளிலே தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஈரம் பட்டால் அவை சில ஆண்டுகளில் அழிந்துவிடும். வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு அவற்றைக் கணினியிலே பதிந்து வைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. படச்சுருள்கள் எரிந்து போன நமக்கு, மிஞ்சிய குரல்களும் மிகப் பெரிய சொத்து. அப்பாவோ அம்மாவோ இளமையில் மேடையேறியவரானால், அந்த வசனத்தை ஒருமுறை பேசச் சொல்லிக் கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு நிறுத்தமாட்டார்கள்.

அயல்வீட்டுப் பெரியவரைப் போல இருமிக் காட்டும் அந்தச் சிறுவனையும் அடக்கிவிட வேண்டாம். பெரியவர் மனம் நோகாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.